நூற்றெழுபது மீற்றர் நீலக் கம்பி

காலை எட்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடம், திங்கட்கிழமை. முதலில் கண்ணில் பட்டது கழுதை. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைக்கு உட்பக்கமாக நின்று, மிதிவெடி அபாயம் என்று மூன்று மொழிகளில் எழுதிய நாடாவில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் ஒருவர் நீலக் கம்பிச் சுருளொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, நாடாவுக்கு வெளியே வேலியோரமாகச் சுற்றி வந்தார்.

கழுதை கொஞ்ச நேரத்தில் வளவைக் குறுக்கே கடந்து நேராகப் போனது. கம்பி சுற்றிப் போனது.

இடம் மன்னார்த் தீவில், உப்புக்குளத்தின் ஓரத்தில் ஒரு வளவு. யுத்தம் முடிந்து சனம் திரும்பி வரத் தொடங்கிய பிறகு அங்கே ஒரு பதிவுக் கந்தோர் திறந்தார்கள். முகாம்களிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வருகிற குடும்பங்களின் விபரங்களைக் கணினியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புவது அதன் வேலை. கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த குடும்பத்தின் பெயர் வீட்டுத்திட்டப் பட்டியலில் ஏறும். போய்ச் சேராத குடும்பம் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருக்கும்.

நான் அதற்கு முன் சில வருடம் ஒரு பத்திரிகைக்குச் செய்தி எழுதினவன். கந்தோரில் எனக்குக் கிடைத்த பதவியின் பெயர் ஊடக உதவியாளர். படம் எடுத்து, அதற்குக் கீழே போடுவதற்கு நாலு வரி எழுத வேண்டும். நாலு வரியில் மூன்று பொறுப்பதிகாரியைப் பற்றியதாக இருக்க வேண்டும். அவரை எல்லோரும் சேர் என்றோம்.

கட்டடங்கள் இரண்டு. முன்னதற்கு வெள்ளையடித்து ஓடு மாற்றியிருந்தது. கொழும்போடு தொடர்பு வைக்கிற செய்மதித் தட்டு அதன் கூரையில், தட்டுக்குக் கீழே சேரின் அறை, அறைக்குள் ஏசி. பின்னது பழைய நெல்லுக் களஞ்சியம். பதிவு மேசையும் கணினியும் அங்கே. சனத்தின் வரிசை முன் கட்டடத்தின் படத்தில் விழக்கூடாது என்பதற்காக அப்படிப் பிரித்திருந்தார்கள். படம் எடுப்பவன் நான் என்பதால் எனக்குத் தெரியும்.

இரண்டுக்கும் நடுவில் நாடா கட்டிய துண்டு நிலம். மிதிவெடி அகற்றுகிறவர்கள் அதை ஏற்கெனவே அங்குலம் அங்குலமாகத் தோண்டி முடித்திருந்தார்கள். கிடைத்தவை: ஒரு சோற்றுப் பானை மூடி, மீன்ரின் சில, பாதிச் சைக்கிள் சங்கிலி. நிலம் சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் சுத்தம் என்கிற கடிதம் வரவில்லை. கடிதம் வராமல் நாடாவைக் கழற்ற ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே நாடா இருந்தது. நாடாவைத் தூக்கிவிட்டு அதற்குக் கீழால் எல்லோரும் போய்வந்தோம். வரிசையில் நிற்கிற சனம் தேத்தண்ணிக் கடைக்குப் போவதும் அதற்குள்ளால்தான். சேருக்குச் சாப்பாட்டுக் கரியர் வருவதும் அதற்குள்ளால்தான்.

நீலக் கம்பி, பின் கட்டடத்துக் கணினியைத் தட்டோடு இணைப்பதற்கு. கொண்டுவந்தவர் வயரிங்காரர், ஐம்பது வயதிருக்கும். தீவில் அவர் வயர் இழுக்காத கோயிலும் இல்லை, பள்ளிவாசலும் இல்லை.

"அண்ணை, நேரா இழுத்தால் அறுபது மீற்றரும் வராது," என்றேன்.

"தெரியும் தம்பி. ஆனா உதுக்குள்ளால இழுத்தால், நாளைக்குக் கணக்குப் பாக்கிற ஓடிற்காரன் வந்து மிதிவெடிக்குள்ள அரசாங்கக் கம்பி எப்பிடிப் போனது எண்டு கேப்பான்."

"இப்ப நீங்கள் உதுக்குள்ளாலதானே தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தனீங்கள்?"

"நான் அரசாங்கச் சாமான் இல்லையே."

வேலியோரமாகச் சுற்றினால் நூற்றெழுபது மீற்றர். தோளில் இருந்த சுருள் அவ்வளவுக்குக் காணாது. அவர் வீட்டுக்குப் போய், வேறெங்கோ மிஞ்சிய துண்டொன்றைக் கொண்டுவந்தார். இரண்டு நுனியையும் பல்லால் உரித்து, உள்ளே இருந்த எட்டு மெல்லிய கம்பிகளையும் பிரித்து, நிறத்துக்கு நிறம் முறுக்கி, கறுப்பு ஒட்டு ரேப் சுற்றி, மழைக்குப் பாதுகாப்பாக ஒரு சொப்பிங் பையையும் சுற்றிக் கட்டினார். வேலியில் ஏற்கெனவே சேரின் ஏசிக்கென்று தடித்த கறுப்பு வயர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. நீலத்தை அதன்மேல் வைத்து, வலை பின்னுகிற நைலோன் நூலால் முழத்துக்கு ஒரு முடிச்சாகக் கட்டிக்கொண்டே போனார். பார்க்க நேர்த்தியாக இருந்தது. நான் படம் எடுத்தேன். தகவல் நெடுஞ்சாலை மன்னாரைத் தொட்டது என்று எழுதிக் கொடுத்தேன். பத்திரிகை அப்படியே போட்டது.

தொட்டது உண்மை. நிற்கத்தான் இல்லை.

பதிவு மேசையில் இருந்த லிகிதர், ஓய்வுக்கு இரண்டு மூன்று வருடம் இருந்த ஒரு பெண். நான் அவவை அக்கா என்பேன். அவ என்னைப் பேப்பர் என்பா. அவ படிவத்தை நிரப்பி அனுப்புகிற பொத்தானை அழுத்துவா. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு "காத்திருக்கிறது" என்று வரும். அருகில் கம்பி செருகிய சின்னப் பெட்டியில் பச்சை லைற் ஒன்று எரியும், அணையும், திரும்ப எரியும். சில நாளில் திடீரென்று பத்துப் படிவம் ஒரே மூச்சில் போகும். அடுத்த நாள் ஒன்றும் போகாது. வேறு எங்கிருந்தாவது அனுப்பலாமென்றால், கொழும்புப் பக்கம் எங்கள் தட்டைத் தவிர வேறு எதற்கும் கதவு திறக்காது.

காரணத்தைக் கண்டுபிடித்தது அக்காதான். குறைந்தபட்சம் அப்படித்தான் நாங்கள் நம்பினோம்.

"பேப்பர், ஒண்டு கவனிச்சனீங்களோ? சேர் வெளிக்கிட்டால் படிவம் போகுது. சேர் வந்திருந்தால் நிக்குது."

"தற்செயலா இருக்கும் அக்கா."

"மூண்டு கிழமையாத் தற்செயலோ?"

வரிசையில் முதலில் நின்ற பேசாலைக்காரர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "இதில என்ன புதினம்? பாதர் உள்ளுக்கு வந்தால் பாட்டுக் கொயர்ப் பெட்டையள் கதையை நிப்பாட்டுறேல்லையோ? கம்பிக்கும் பயம் இருக்கும்," என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. யோசித்தார்கள்.

அடுத்த கிழமை தோட்டவெளியிலிருந்து நாலு பேர் சேட்டுக்குள்ளே பெனியன் போட்டு, தலை சீவி, சேரின் அறைக்குப் போனார்கள். ஊரில் ஒரு கிணறு இருக்கிறது, சேர்தான் வந்து திறந்துவைக்க வேண்டும் என்றார்கள். அந்தக் கிணற்றை நான் அறிவேன். அதை ஒருமுறை ஏற்கெனவே திறந்தாயிற்று. படம் எடுத்தவனே நான். இம்முறை புதுக் கயிறு போட்டிருந்தார்கள். சேர் போனார், நாடா வெட்டினார், ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் காட்டினார், நாற்பது நிமிடம் பேசினார். பேசி முடிய முன்னமே தோட்டவெளிப் படிவங்கள் எல்லாம் கொழும்பில் இருந்தன. அக்கா கைத்தொலைபேசியில் ஒரு மிஸ்கோல் அடித்தா, அது சைகை. கூட்டத்தின் பின் வரிசையில் ஒருவர் எழுந்து கைதட்டினார். பேச்சை இன்னும் நீட்டச் சொல்கிறார்கள் என்று சேர் எடுத்துக்கொண்டார்.

செய்தி பரவியது. பிறகு ஒரு ஊர் சனசமூக நிலையத்துப் புத்தக அலுமாரிக்கு அவரை அழைத்தது. ஒரு ஊர் கரப்பந்தாட்டக் கோட்டுக்கு. கோடென்றால் சுண்ணாம்பால் போட்ட கோடு. ஒரு பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் வுளுச் செய்கிற இடத்துக்குப் புதுக் குழாய்கள் போட்டு, அவரைக் கொண்டு முதல் குழாயைத் திறப்பித்தார்கள். எந்த ஊர் அழைக்கிறதோ அந்த ஊரின் படிவங்களை அக்கா அன்று காலை மேலே எடுத்து வைப்பா. கோயில், பள்ளி, தேவாலயம் என்ற பேதமில்லாமல் மாவட்டத்துச் சனம் ஒற்றுமையாகச் செய்த காரியம் என் அனுபவத்தில் அது ஒன்றுதான்.

"சனம் என்னை விடுகுதில்லை," என்று சேர் என்னிடம் சொன்னார். "போடுங்கோ. மக்களோட மக்களா நிக்கிறார் எண்டு போடுங்கோ."

போட்டேன்.

நறுவிலிக்குளத்துக்கு இது தெரியவில்லை. பெருநிலத்தில், வயலுக்கு நடுவில் இருக்கிற ஊர். அறுவடை நேரம் வேறு. அந்த ஊரிலிருந்து ஒரு பெண் புதன்கிழமை காலை வந்து வரிசையில் நின்றாள். முப்பது தாண்டிய வயது. சின்னப் பிள்ளையாக வள்ளத்தில் ஏறித் தமிழ்நாட்டுக்குப் போய், முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, தாயோடும் கணவனோடும் திரும்பியிருந்தாள். தகப்பனின் காணியில் தறப்பாள் கட்டியிருந்தார்கள். படிவம் கொடுத்து ஒன்பது நாள். அது இன்னும் எங்கள் கணினிக்குள்தான் காத்திருந்தது. அந்தக் கட்டத்துப் பட்டியல் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு மூடும் என்று அறிவித்தாயிற்று. அடுத்த கட்டம் வருமா என்று கேட்டால், வரலாம் என்ற பதில்தான் எல்லா மேசையிலும் இருந்தது. மாரி தொடங்க ஒன்றரை மாதம்.

அவள் அக்காவைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், இந்த லைட்டு எப்பவும் இப்படித்தான் அணைஞ்சு அணைஞ்சு எரியுமா?"

"மேடமாம்," என்று பின்னால் ஒருவர் சிரித்தார். "அது இந்தியாக்காரியைக் கண்டால் கண்ணடிக்கும் தங்கச்சி."

"கண்ணடிச்சாப் பரவால்லண்ணே. இது உசிரு போற ஆளு இமைக்கிற மாதிரி இமைக்குது."

இதற்குத்தான் வரிசை சிரித்தது.

முகாமுக்குப் பக்கத்து நகரத்தில் ஒரு கணினிக் கடையில் ஆறு வருடம் வேலை செய்தவள். கடை கடையாக, கல்லூரி கல்லூரியாகக் கேபிள் இழுத்திருக்கிறாள். அதற்கொரு டிப்ளோமா, பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்திருந்தாள். கம்பி போகிற வழியைப் பார்க்கலாமா என்று கேட்டாள். எனக்கு அன்று நாடா வெட்டு ஒன்றும் இல்லாததால் நானும் கூடப் போனேன். வேலியைச் சுற்றி நடக்க நடக்க அவள் காலடியை எண்ணிக்கொண்டு வந்தாள். நூறைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

சொப்பிங் பை கட்டிய இடத்துக்கு வந்தபோது வயரிங்காரரும் அங்கே வந்து சேர்ந்துவிட்டார். தன் வேலையை யாரோ பார்க்கிறார்கள் என்று சொல்ல இந்தத் தீவில் தந்தி வேண்டியதில்லை.

அவள் பையை அவிழ்த்தாள். ரேப்பை உரித்தாள். கடலேரிப் பக்கத்து உப்புக்காற்று பைக்குள்ளே வழி கண்டிருந்தது. செம்புக் கம்பி பாசி பிடித்த மாதிரிப் பச்சையாக இருந்தது.

"ஆர் உன்னை உதை அவிழ்க்கச் சொன்னது?" என்றார் வயரிங்காரர். "இந்தக் கையால இணைச்ச வயர் ஷெல்லடிக்குள்ளயும் எரிஞ்சது தெரியுமோ?"

"லைட்டு எரியும்ணே. கரண்டுக்கு ஒரு வழி இருந்தாப் போதும், போயிடும். இதுல போறது துடிப்பு. ஒரு செகண்டுக்குக் கோடிக்கணக்குல ஏறி எறங்குது. ஏத்தம் எது, எறக்கம் எதுன்னு அந்தப் பக்கத்துப் பெட்டிக்குத் தெளிவாத் தெரியணும். தூரம் போகப் போக மழுங்கும். நூறு மீட்டர்தான் கணக்கு. அதுக்கு மேல போனா, ஊமை சாடை காட்டுறதைக் குருடன் பாக்கிற கதை."

"அதுக்கேன் என்ர முடிச்சை அவிழ்க்கிறாய்?"

"உள்ள எட்டுக் கம்பியும் ரெண்டு ரெண்டா முறுக்கி இருந்துச்சுல்ல, அதை ஏன்ணே பிரிச்சீங்க?"

"பிரிக்காமல் எப்பிடி இணைக்கிறது?"

அவள் இரண்டு கம்பியை எடுத்து விரலில் முறுக்கிக் காட்டினாள். "இது புருஷன் பொண்டாட்டிண்ணே. மாமியா வையுறப்ப ரெண்டு பேரும் ஒண்ணா நின்னா ரெண்டு பேர் காதுலயும் ஒரே வசவு விழும். பெட்டி அதை ஒண்ணுலருந்து ஒண்ணு கழிச்சிடும். மிச்சம் இவங்க பேசினது மட்டும். பிரிச்சு விட்டா ஒருத்தருக்கு அதிகம், ஒருத்தருக்குக் கொஞ்சம். கழிக்க முடியாது. எல்லாம் வசவாவே போய்ச் சேரும்."

"இஞ்ச ஆர் மாமி?"

அவள் நீலத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த கறுப்பு வயரைத் தொட்டாள். "இது எங்க போகுது?"

நான் சொன்னேன்.

"உங்க சார் இருக்கும்போதுதான் ஏசி ஓடுமா?"

ஓம் என்றேன். ஒரு கிணறு, ஒரு புத்தக அலுமாரி, ஒரு கரப்பந்தாட்டக் கோடு, ஒரு குழாய், அவற்றுக்குக் கீழே நான் எழுதிய வரிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அக்காவிடம் போய்ச் சொன்னபோது அவ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. "அப்ப சேரில ஒரு பிழையும் இல்லை," என்றா. ஏமாற்றம் குரலில் தெரிந்தது.

வயரிங்காரர் வேறு மாதிரி ஆள். வாய்ச்சண்டை முடிந்ததும் காரியத்துக்கு வந்தார். களஞ்சியத்தில் இதே கம்பி ஒரு முழு றோல், உறை பிரிக்காமல் இருக்கிறது என்றார். கந்தோர் திறந்த நாளிலிருந்து இருக்கிறதாம்.

"அதை ஏன் அண்ணை போடேல்லை?" என்றேன்.

"முழு றோலை ஆர் வெட்டுவினம்? ஒரு அவசரத்துக்கு வேணுமெல்லோ."

எனக்கு இது விளங்கியது. பற்றரிக்கும் வயருக்கும் தடை இருந்த வருடங்களில், துண்டைத் துண்டோடு இணைத்து வாழத் தெரிந்தவனே கெட்டிக்காரன். முழுச் சுருள் என்பது வெட்டுவதற்கானதல்ல, இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நித்திரை கொள்வதற்கானது. யுத்தம் முடிந்துவிட்டது என்ற செய்தி அந்தக் களஞ்சிய மூலைக்கு இன்னும் போகவில்லை.

"சுத்திப் போட்டா அதுவும் பிரயோஜனம் இல்லண்ணே," என்றாள் அவள். "நேரா, அந்த நாடாவுக்குள்ள போட்டாத்தான். அறுபது மீட்டர். ஒரு மணி நேர வேலை."

நேராகப் போட சேரின் அனுமதி வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் போனோம். அறை மார்கழி மாதிரிக் குளிர்ந்தது. சேர் பிளாஸ்ரிக் உறையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"நீர் ஆர்?"

அவள் சொன்னாள்.

"இது இந்தியச் சேட்டிபிக்கற். இதை வைச்சு அரசாங்கக் கம்பியைத் தொட ஏலாது. இதுக்குச் சமமான இலங்கைச் சேட்டிபிக்கற் எடுத்துக்கொண்டு வாரும்."

"எங்க சார் எடுக்கணும்?"

"கொழும்பில."

"எப்படி சார் அப்ளை பண்ணணும்?"

"இன்ரநெற்றிலதான்."

வயரிங்காரர் கூரையைப் பார்த்தார். நாடாவுக்குள்ளால் இழுக்கிற விஷயத்தைச் சொன்னதும் சேர் கதிரையில் நிமிர்ந்தார். "மிதிவெடிக்குள்ளயோ? உங்களுக்கென்ன விசரோ? கடிதம் வராமல் அதுக்குள்ள ஒரு ஈ காக்கா போக விடமாட்டன்." அந்த நேரம் சாப்பாட்டுக் கரியர் வந்தது. கொண்டுவந்த சாரதியின் காற்சட்டையில் நாடாவுக்குள்ளே மட்டும் முளைக்கிற ஒட்டுப்புல் நிறைய ஒட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே நறுவிலிக்குளத்துக்காரர் இருவர் வெள்ளை வேட்டியோடு வந்து நின்றார்கள். யாரோ அவர்களுக்கு வழி சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நெல் காயவிடுகிற தளம் ஒன்றைச் சேர் திறக்க வேண்டும் என்றார்கள். சேர் அவர்களுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"இண்டைக்குக் கடைசி நாள். கொழும்பில இருந்து போன் கோல் வரும். நான் இண்டைக்குக் கந்தோரை விட்டு அசையமாட்டன். எனக்கு நாடா வெட்டுறதைவிடக் கடமை பெரிசு."

ஒன்பது மணிக்கு ஏசி ஓடத் தொடங்கியது. பச்சை லைற் இமைத்தது. அக்காவின் திரையில் முப்பத்தேழு படிவங்கள் காத்திருந்தன. மத்தியானம் வரை ஒன்று போகவில்லை. நறுவிலிக்குளத்துப் பெண் கணவனோடு வாசலில் குந்தியிருந்தாள். அவன் மேசன். வாய் திறவாத ஆள். மணிக்கூட்டை மட்டும் பார்த்தான்.

ஒரு மணிக்கு அக்கா போய், ஏசியை ஒரு மணித்தியாலம் நிற்பாட்டலாமா சேர் என்று கேட்டா.

"என்ர குளிருக்கும் உங்கட பதிவுக்கும் என்ன தொடர்பு? இருந்தால் எழுத்தில தாங்கோ."

எழுத்து என்னுடைய வேலை. குளிரூட்டியின் இயக்கத்துக்கும் மீள்குடியேற்றத் தரவுகளின் பயணத்துக்கும் இடையிலான தொடர்பு குறித்து என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் எழுதினேன். சேர் இரண்டு தரம் வாசித்தார். நல்ல நடை என்றார். இதை ஒரு தொழில்நுட்பக் குழு ஆராய வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பெழுதிக் கோப்புக் கூடையில் வைத்தார். மணி ஒன்று ஐம்பது.

திரும்பி வந்து சொன்னதும் அவள் எழுந்தாள்.

"கம்பியைக் கிட்டக் கொண்டுபோக விடலன்னா, கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிட்டுப் போவோம். தட்டோட பெட்டி சார் ரூம்லதான இருக்கு? ரெண்டு மீட்டர் கேபிள் போதும்."

அக்கா சொன்னா, சேரின் மேசையில் திரை ஒன்று இருக்கிறது என்று. அது உண்மை. சேருக்கென்று வந்த கணினியில் திரை மட்டும் வந்து, மிச்சம் இன்னும் வரவில்லை. திரைக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார்.

இரண்டு மீற்றருக்கு முழு றோலை வெட்ட வேண்டும். வயரிங்காரர் அதைக் களஞ்சியத்திலிருந்து இரண்டு கையாலும் தூக்கி வந்தார். உறையைப் பிரித்தார். வெட்டுகிற குறடு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"ரெண்டு மீற்றர்தானே அண்ணை," என்றேன்.

"வெட்டினால் அது பிறகு முழு றோல் இல்லைத் தம்பி."

வெட்டினார். அவள் பையிலிருந்து தன்னுடைய குறடு ஒன்றை எடுத்தாள். கடல் கடந்து கொண்டுவந்த சாமானில் அதுவும் ஒன்று. எட்டுக் கம்பியையும் நிறவரிசையில் அடுக்கி, கண்ணாடி மாதிரி இருந்த சின்னச் செருகுதலைக்குள் தள்ளி, அழுத்தினாள். மறு நுனிக்கும் அப்படியே. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கவில்லை. வயரிங்காரர் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கணினியைத் தூக்க முடியவில்லை. அது அரசாங்கச் சாமான். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போவதென்றால் சொத்து மாற்றப் படிவம் வேண்டும். கொடுப்பவர் என்ற இடத்தில் சேர் கையெழுத்து வைக்க வேண்டும். பெறுபவர் என்ற இடத்திலும் சேரே வைக்க வேண்டும். அக்கா மூன்று பிரதி நிரப்பிக்கொண்டு போனபோது அவர் கொழும்போடு தொலைபேசியில் இருந்தார். இரண்டு ஐம்பதுக்குத் தொலைபேசியை வைத்தார். ஏசியைப் பற்றிப் பேச்சில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு ஆறு இடத்திலும் கையெழுத்து வைத்தார். கொடுக்கும்போது ஒரு முகம், பெறும்போது ஒரு முகம்.

"ஆனா சுத்திக் கொண்டு வாங்கோ," என்றார். "நாடாவுக்குள்ளால வேண்டாம்."

கணவன் சைக்கிள் கரியரில் கணினிப் பெட்டியை வைத்தான். வயரிங்காரர் நைலோன் நூலால் கட்டினார். மணலில் சில்லுப் புதைந்து புதைந்து எழும்ப, ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் நானும் பிடித்துக்கொள்ள, நூற்றெழுபது மீற்றர் வேலியோரத்தை நடந்தோம். நேரம் பார்த்தேன்: ஏழு நிமிடம். முப்பத்தேழு குடும்பமும் அந்தக் கரியரில் இருந்தன. வரிசையில் நின்ற சனம் நாடாவுக்குள்ளால் குறுக்கே நடந்து எங்களுக்கு முன்னம் போய்ச் சேர்ந்து, சேரின் வாசலில் நின்றது.

மூன்று பதினெட்டுக்குத் தட்டின் பெட்டியில் பச்சை லைற் எரிந்தது. இமைக்கவில்லை. தலைக்கு மேல் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

"நில்லும்," என்றார் சேர். "நான் அழுத்திறன். பேப்பர், வாங்கோ இஞ்சால."

திரையின் உறையை மடித்து வைக்கச் சொன்னார். தலை சீவினார். வெளிச்சம் முகத்தில் விழவில்லை என்று திரைச்சேலையை விலக்கினோம். முதல் படத்தில் கண் மூடியிருந்தார். இரண்டாவதில் வயரிங்காரரின் தலை குறுக்கே வந்தது. மூன்றாவது சரி.

"நடமாடும் பதிவுச் சேவை எண்டு போடுங்கோ."

பொத்தான் அழுந்தியபோது மூன்று இருபத்திரண்டு.

ஒரு படிவம் போக ஒரு நிமிடமும் இருபது விநாடியும் எடுத்தது. அது தட்டின் வேகம். அதற்கு ஒருவரும் ஒன்றும் செய்ய இயலாது. போனதும் திரையில் இலக்கம் ஒன்று மறையும். வாசலில் நின்றவர்கள் தங்கள் இலக்கத்தை விரலில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அக்கா குனிந்து மெதுவாகச் சொன்னா: "பிள்ளை, உன்ரதை முதல்ல எடுத்து விடு. இருபத்தாறாவதாக் கிடக்கு."

"இப்ப மாத்த முடியாதுக்கா. மாத்தணும்னா நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிக்கணும். அது வரிசைப்படிதான் போகும், அதுக்கு ஆளைத் தெரியாது."

மூன்றரைக்கு ஆறு போயிருந்தது. மூன்று ஐம்பதுக்கு இருபத்தொன்று. கணவன் வாசல் நிலையில் சாய்ந்து, மணிக்கூட்டை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தான். யாரோ செபமாலை உருட்டுகிற சத்தம் கேட்டது. சேர் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, வேலை மும்முரமாக நடப்பதாகச் சொன்னார்.

மூன்று ஐம்பத்தேழுக்கு இருபத்தாறாம் இலக்கம் மறைந்தது. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். எழும்பவில்லை. அடுத்தது போனது. அதற்கடுத்ததும் போனது. இருபத்தொன்பதாவதில் வட்டம் பாதி சுற்றி நின்றது.

மணி நாலு. கொழும்புப் பக்கம் மூடிக்கொண்டது. ஒன்பது படிவங்கள் மிச்சம் இருந்தன.